எவர்சில்வரைப் பரணில் ஏற்றியவர்களுக்கு

புது வீட்டுக்குக் குடிபோகிற குடும்பங்கள் பலவற்றில் இப்போது முதலில் பரண் ஏறுவது எவர்சில்வர்தான். மாடுலர் கிச்சன் அமைத்துத் தருபவர் பீங்கானுக்குக் கண்ணாடிக் கதவு போட்டு, உள்ளே விளக்கும் வைக்கிறார். எவர்சில்வருக்கு அடுப்புத் திண்டின் கீழே ஓர் இழுப்பறை. அதுவும் அன்றாடம் புழங்கித் தொலைக்க வேண்டியிருக்கிறதே என்பதற்காக. கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் குடத்தையும் தூக்கையும் விட்டுவிட்டு ‘டின்னர் செட்’டோடு வருகிறார்கள். விளிம்பே இல்லாத கறுப்புத் தட்டு, புள்ளி தெறித்த சாம்பல் நிறக் கிண்ணம், மூங்கில் கோப்பை, பளிங்குக் கற்பலகை: நவீன வீட்டுச் சாப்பாட்டு மேசை என்றால் இவைதான் என்று ஆகிவிட்டது. எவர்சில்வர் ஹாஸ்டலையும் மெஸ்ஸையும் நினைவூட்டுகிறதாம். இந்தக் கருத்தை யாரும் வாதமாக எடுத்துவைப்பதில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒன்றைப் போல அது பேச்சில் புழங்குகிறது. மறுப்பவர் ரசனை இல்லாதவர் ஆகிவிடுகிறார். ரசனை இல்லாதவன் என்ற பெயரை ஏற்றுக்கொண்டே சொல்கிறேன்: தமிழர் சாப்பிடும் முறைக்கு இதுவரை செய்யப்பட்ட பாத்திரங்களில் நவீனமானது எவர்சில்வர்தான். அதன் இடத்துக்கு வந்திருப்பவற்றில் பெரும்பாலானவை நம் சாப்பாட்டைப் பார்க்காமலே செய்யப்பட்டவை.

ஒரு பொருளின் வடிவம் நல்லதா இல்லையா என்பதை எப்படித் தீர்மானிப்பது? இதற்கு உலகம் மதிக்கும் வடிவமைப்பாளர்களின் சான்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவைச் சேர்ந்த சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியை இந்திய அரசு அழைத்து, நாட்டின் வடிவமைப்புக் கல்வி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டது. 1958இல் அவர்கள் கொடுத்த அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் எழுந்தது. இந்தியாவில் தாங்கள் கண்ட பொருள்களிலேயே மிக அழகானது என்று அந்த அறிக்கையில் அவர்கள் தேர்ந்தெடுத்தது கோயில் சிற்பத்தையோ பட்டுப் புடவையையோ அல்ல, சாதாரணச் சொம்பை. அதற்கு அவர்கள் சொன்ன காரணம் நிறமோ பளபளப்போ கிடையாது. எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், இடுப்பில் எப்படி உட்கார வேண்டும், நிரம்பியபோதும் காலியானபோதும் பாரம் எந்தப் பக்கம் சாயும், ஊற்றும்போது எப்படி ஒழுக வேண்டும், உள்ளே கை விட்டுக் கழுவ முடியுமா, என்ன விலைக்கு விற்கும் என்று கேள்வி கேள்வியாக அடுக்கினார்கள். எந்தத் தனி மனிதனும் உட்கார்ந்து வரைந்திராத அந்தச் சொம்பு, தலைமுறை தலைமுறையாக இத்தனைக்கும் பதில் சொல்லி வந்திருக்கிறது என்பதே அவர்கள் வியப்பு. பாத்திரத்தை மதிப்பிட இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. அதையே நம் மேசை மேல் இருப்பவற்றுக்கும் வைத்துப் பார்க்கலாம்.

டம்ளரையும் டவராவையும் எடுத்துக்கொள்வோம். காப்பியை ‘ஆற்று’ என்று ஒரு வினைச்சொல்லே நம்மிடம் இருக்கிறது. டம்ளரிலிருந்து டவராவுக்கும் டவராவிலிருந்து டம்ளருக்கும் மாற்றி ஊற்றும்போது சூடு குறைகிறது, சர்க்கரை கரைகிறது, நுரை எழுகிறது. டம்ளரின் வெளிப்பக்கம் மடிந்த விளிம்பு மூன்று வேலை பார்க்கிறது: விரல் பிடிக்க இடம் தருகிறது, உதடு படாமல் அண்ணாந்து குடிக்கும்போது ஒழுக்கை ஒரே கோட்டில் விழ வைக்கிறது, மெல்லிய தகடு நசுங்காமல் காக்கிறது. கைப்பிடி வைத்த பீங்கான் கோப்பையால் ஆற்ற முடியாது. அண்ணாந்து குடித்தால் சட்டைதான் குடிக்கும். கோப்பை மட்டமான பொருள் என்று இதற்கு அர்த்தமில்லை. தேநீரை மெல்ல உறிஞ்சுகிற, உதட்டில் வைத்தே குடிக்கிற பழக்கத்துக்குச் செய்யப்பட்ட அருமையான பொருள் அது. அந்தப் பழக்கம் உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம். காப்பியை ஆற்றிக் குடிக்கிற வீட்டில் டவராவைப் பரணில் ஏற்றிவிட்டு, கோப்பையில் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, ஆறுகிறதா என்று ஊதிக்கொண்டிருப்பதை நவீனம் என்று சொல்வதுதான் எனக்கு விளங்கவில்லை.

தட்டில் நிலைமை இன்னும் மோசம். டின்னர் செட் என்பது ஐரோப்பியச் சாப்பாட்டு முறையின் குழந்தை. அங்கே உணவு ஒன்றன்பின் ஒன்றாக, தனித்தனித் தட்டில் வரும். கத்தியும் முள்கரண்டியும் தட்டையான பரப்பைக் கேட்கும். நீராக இருக்கும் ஒரே உணவு சூப், அதற்குத் தனிக் கிண்ணம். இப்படிப் பார்த்தால் அந்த செட்டில் உள்ள ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. நாமோ சாம்பார், ரசம், மோர் என்று மூன்று முறை சோற்றை நனைக்கிறோம், கையால் பிசைகிறோம், கடைசி வாயை விரலால் வழித்து எடுக்கிறோம். அதற்கு விரல் முட்டி நிற்க ஒரு சுவர் வேண்டும். எவர்சில்வர் தட்டின் நிமிர்ந்த ஓரம் அந்தச் சுவர்தான். விளிம்பற்ற கறுப்புத் தட்டில் ரசம் சாதம் சாப்பிட்டுப் பார்ப்பவருக்கு மேசைவிரிப்பும் சேர்ந்து சாப்பிடுவது தெரியும். மேட் பூச்சுக்கு இன்னொரு வியாதி: எவர்சில்வர் கரண்டி பட்ட இடமெல்லாம் பென்சிலால் கிழித்தது போலச் சாம்பல் கோடு. செட்டின் கணக்கும் நம் வீட்டுக் கணக்கு அல்ல. ஆறு பேருக்கென்று அளந்து வரும்; நம் வீட்டுக்கு ஏழாவது ஆள் சொல்லாமல் வருவார். ஒன்று உடைந்தால் அதே பூ, அதே நிறம் இரண்டு வருடம் கழித்துக் கடையில் இருக்காது. மீதி ஐந்தும் அனாதை. எவர்சில்வரை எடை போட்டு, வேண்டியதை வேண்டிய எண்ணிக்கையில் விற்கிற கடைக்காரர் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டார்.

வாழை இலைக்கு மட்டும் சுவர் இருக்கிறதா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இலையைக் கையில் தூக்கிக்கொண்டு யாரும் சாப்பிடுவதில்லை. அது கிடக்கிறது, நாம் குனிகிறோம். சோற்றில் குழி பறித்து, கரை கட்டி, ரசத்தை அதற்குள் நிறுத்துகிறோம். பரிமாறுபவர் அகப்பையைச் சாய்க்கும் வேகத்தில் அந்தக் கரையின் ஆயுள் இருக்கிறது. பந்தியில் அது ஒரு கலை. அலுவலகத்திலிருந்து வந்து, சோபாவில் மடிமேல் தட்டை வைத்துச் சாப்பிடுகிற ராத்திரியில் அந்தக் கலையை எதிர்பார்ப்பது கொடுமை.

வடிவத்தை விட்டுப் பொருளுக்கு வருவோம். பீங்கான், ‘இயற்கை’ மூங்கில் என்றெல்லாம் பேசும்போது அவற்றைத் தூய்மையோடும் எவர்சில்வரை ஆலையோடும் சேர்த்து நினைக்கிற பழக்கம் வந்திருக்கிறது. போன் சைனா என்கிற, வெளிச்சம் ஊடுருவும் அந்த மெல்லிய வெள்ளைப் பீங்கானைப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் ஸ்டோக் நகரத்தில் ஸ்போட் குடும்பத்தார் செம்மைப்படுத்திய கலவை அது. பெயரிலேயே எலும்பு இருக்கிறது. மாட்டெலும்பைச் சுட்ட சாம்பல் அதில் பெரும்பாலும் பாதிக்குப் பாதி வரை சேரும். எனக்கு அதில் ஆட்சேபம் ஏதுமில்லை. முட்டை கலந்த கேக்கைக்கூட வாசலில் நிறுத்துகிற சைவ வீடுகளின் கண்ணாடி அலமாரியில் அது விளக்கு வெளிச்சத்தோடு வீற்றிருப்பதைத்தான் ரசிக்கிறேன். பீங்கான் மேல் பூசும் பளபளப்பில் ஈயம் சேர்த்தால் அது குறைந்த சூட்டிலேயே உருகி நன்றாக மின்னும். பளிச்சென்ற சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காட்மியம் உதவும். பெரிய நிறுவனங்கள் பலவும் இவற்றைத் தவிர்க்கின்றன, அல்லது கசியாதபடி கட்டுக்குள் வைக்கின்றன என்பது உண்மை. தெருவோரத்தில் குவித்து விற்கும், செய்தவர் பெயரே இல்லாத வண்ணத் தட்டுக்கு அந்த உத்தரவாதத்தை யார் தருவது? புளிப்புதான் பூச்சிலிருந்து ஈயத்தை இழுக்கும். புளி, எலுமிச்சை, தயிர் மூன்றும் அன்றாடம் தட்டில் விழும் ஊர் நம்முடையது.

மெலமைன் தட்டு உடையாது, லேசானது, பார்க்கப் பீங்கான் போலவே இருக்கும். அது ஃபார்மால்டிஹைடும் மெலமைனும் சேர்ந்த பிசின். 70 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானால் அந்த இரண்டுமே உணவில் இறங்கலாம் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் எச்சரித்திருக்கிறது. வடித்த சோறும் கொதித்த குழம்பும் அந்தச் சூட்டைத் தாண்டித்தான் தட்டுக்கு வருகின்றன. ‘மூங்கில்’ கோப்பையின் கதை இன்னும் சுவையானது. அதில் பலவும் மூங்கில் தூளை மெலமைன் பிசினில் கலந்து அச்சில் வார்த்தவை. தூள் சேர்ந்ததால் பிசின் சீக்கிரம் சிதைகிறது. சூடான பானத்தில் கூடுதலாகவே கசிகிறது. ஐரோப்பிய ஒன்றியம் இந்தக் கலவையை உணவுப் பாத்திரத்துக்கு அனுமதிக்கவில்லை. 2021இல் இவற்றைச் சந்தையிலிருந்து அகற்றத் தனி நடவடிக்கையே எடுத்தது. பசுமையின் அடையாளமாக அன்பளிப்புக் கடைகளில் விற்கிற பொருளின் நிலை இது. வாங்கும் முன் அடியில் திருப்பிப் படிப்பது நல்லது. அடியில் ஒன்றும் எழுதவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

சரி, எவர்சில்வர் மட்டும் பத்தரைமாற்றா? இல்லை. அதன் வழக்கறிஞர்கள் மறைக்கிற சங்கதிகளையும் சொல்லிவிடுகிறேன். 1912இல் ஜெர்மனியின் குருப் ஆலையும், 1913இல் ஷெஃபீல்டில் துப்பாக்கிக் குழாய் தேயாமலிருக்க வழி தேடிய ஹாரி பிரியர்லியும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கண்டுகொண்டது இது: இரும்பில் பத்து சதவீதத்துக்குச் சற்று மேல் குரோமியம் சேர்ந்தால் காற்றுப் பட்டதுமே கண்ணுக்குத் தெரியாத ஆக்ஸைடு படலம் மூடிக்கொள்கிறது, கீறினாலும் தானே மறுபடி வளர்கிறது. 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் சேர்ந்த 304 ரகம்தான் பாத்திரத்துக்கு உகந்தது. நிக்கல் விலை அதிகம் என்பதால் அதைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிய 200 வரிசைத் தகட்டில் செய்த பாத்திரங்கள் நம் சந்தையில் ஏராளம். அவை உப்புக்கும் புளிக்கும் 304 அளவுக்குத் தாங்குவதில்லை. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று கடைகளில் காட்டும் வித்தை பயனற்றது, ஏனென்றால் 200 வரிசையிலும் காந்தம் பொதுவாக ஒட்டாது. நல்ல ரகத்திலும் கசிவு பூச்சியம் அல்ல. 2013இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, தக்காளி சாஸை மணிக்கணக்கில் கொதிக்க விட்டால் நிக்கலும் குரோமியமும் இறங்குவதைக் காட்டியது. புதுப் பாத்திரத்தில் அது அதிகம். ஆறு முறை சமைத்த பின் குறைந்து ஒரு நிலைக்கு வந்துவிடுகிறது என்பதும் அதே ஆய்வின் முடிவு. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் இதைக் கவனிக்கத்தான் வேண்டும். ஆனால் இந்த ஆய்வைத் தூக்கிக்காட்டுகிறவர்கள் சமைப்பதையும் சாப்பிடுவதையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். தட்டில் சோறு இருப்பது கால் மணி நேரம். எவர்சில்வரில் உள்ள கோளாறு தரத்தில் உள்ள கோளாறு. அதைச் சட்டத்தால் திருத்த முடியும். மத்திய அரசு 2024 மார்ச்சில் எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கி ஆணை பிறப்பித்தது அந்தத் திசையில்தான்.

சுடுகிறது என்பது அடுத்த குற்றச்சாட்டு. உலோகங்களிலேயே வெப்பத்தை மந்தமாகக் கடத்துகிறவற்றில் எவர்சில்வர் ஒன்று; செம்பு கடத்துவதில் ஏறத்தாழ 25இல் ஒரு பங்குதான். டம்ளர் சுடுவது தகடு மெலிதாக இருப்பதால். அதனால்தான் அதற்கு ஒரு டவரா. அதுவும் போதாதென்றால் இரட்டைச் சுவர் டம்ளர் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. மைக்ரோவேவில் வைக்க முடியாது என்பது மட்டும் மறுக்க முடியாத குறை. அதற்கு இரண்டு கண்ணாடிக் கிண்ணம் போதும், அலமாரி வேண்டியதில்லை. சத்தம் போடுகிறது என்பார்கள். போடுகிறதுதான். நள்ளிரவில் அடுக்களையில் ஒரு தட்டு விழுந்தால் தெருவே எழுந்துகொள்ளும். காலையில் அந்தத் தட்டில் இட்லி வைக்கலாம்.

இன்னொரு கூட்டம் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. அவர்களுக்கு எவர்சில்வர் பழசாகிவிட்டது என்பதல்ல குறை, போதுமான அளவு பழசில்லை என்பதுதான். பித்தளை, செம்பு, வெண்கலம், ஈயச்சொம்பு ஆகியவற்றை ‘பாரம்பரியம்’ என்ற பெயரில் பல மடங்கு விலைக்கு விற்கும் கடைகள் பெருகிவிட்டன. பித்தளையில் புளி பட்டால் களிம்பு ஏறும். அதைத் தடுக்கத்தான் நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தை உருக்கிப் பஞ்சால் தேய்த்துப் பூசுகிறவர்கள் ஒரு காலத்தில் தெருத்தெருவாக வந்தார்கள். பூச்சு தேய்ந்தால் மறுபடி பூச வேண்டும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் ஈயச்சொம்பைக் காலியாக அடுப்பில் வைத்தால் சொம்பு போயே போய்விடும். நல்ல ரசத்துக்காக அந்த ஜாக்கிரதையோடு ஒருவர் அதைப் புழங்குவாரானால் அவருக்கு என் மரியாதை. வாங்கும்போது வெள்ளீயத்தில் காரீயம் கலந்திருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் பாட்டி காலத்துப் பாத்திரங்களின் பெருமையைப் பாடுகிறவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதில்லை: யார் தேய்த்தது? கிணற்றடியில் புளியும் சாம்பலும் வைத்து, விரல் நுனி வெடிக்க, நாள் தவறாமல் தேய்த்த பெண்களின் உழைப்பில் பளபளத்தவை அவை. எவர்சில்வர் வந்தபோது நம் வீட்டுப் பெண்கள் புதிய பித்தளையை விட்டுவிட்டு அதன் பின்னால் போனது மோகத்தால் மட்டும் அல்ல. ஜரிகைப் புடவையைக்கூடப் போட்டுவிட்டுப் பாத்திரக்காரரிடம் எவர்சில்வர் வாங்கியவர்களுக்கு, கணக்கு நன்றாகத் தெரியும்.

அதே கேள்வியைப் பீங்கானிடமும் கேட்க வேண்டும். இன்றைக்கு யார் கழுவுகிறார்கள்? வசதியான வீடுகளில் பெரும்பாலும் சம்பளத்துக்கு வருகிற ஒரு பெண். எவர்சில்வர் அவர் கையிலிருந்து நழுவினால் சத்தம்தான்; பீங்கான் நழுவினால் திட்டு, சில இடங்களில் சம்பளப் பிடித்தமும். பாத்திரத்தின் பலவீனத்துக்கு அவர் பொறுப்பாளி ஆகிறார். இன்னும் ஒன்று உண்டு. விருந்தாளிக்குப் போன் சைனா, வீட்டாருக்கு மெலமைன், வேலைக்கு வருபவருக்கு ஒடுங்கிப்போன பழைய எவர்சில்வர் டம்ளர், அதுவும் ஜன்னலில் தனியாகக் கவிழ்த்து வைத்தது: இந்த அடுக்கு எத்தனை வீடுகளில் அமைதியாக நடக்கிறது! எவர்சில்வரே இந்தப் பாவத்திலிருந்து தப்பியதல்ல; டீக்கடை இரட்டைக் குவளை முறையில் எல்லாப் பொருளுக்கும் பங்குண்டு. ஆனால் எல்லோரும் எவர்சில்வரில் சாப்பிட்ட வீட்டில், வேறுபாடு காட்ட நினைத்தவர் பெயர் வெட்டியோ இடம் மாற்றியோதான் காட்ட முடிந்தது. இப்போது அந்த வேலையை ரசனையே பார்த்துக்கொள்கிறது. ‘மெஸ் தட்டு’ என்று முகம் சுளிப்பதில் மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்களைப் பற்றிய ஓர் அபிப்பிராயமும் அடங்கியிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

கடைசியாக அழகு. எவர்சில்வர் இயல்பிலேயே அழகற்றது என்பவர்கள், டென்மார்க்கின் ஆர்னே யாகோப்சன் 1967இல் ஸ்டெல்டன் நிறுவனத்துக்காக அதே உலோகத்தில், வெறும் உருளை வடிவத்தில் செய்த மேசைப் பாத்திர வரிசையைப் பார்க்கட்டும். அது இன்றும் உற்பத்தியாகிறது. பெரிய விலைக்கு விற்கிறது. ஜப்பானின் சுபாமே நகரம் எவர்சில்வர்க் கரண்டிகளாலேயே உலகப் பெயர் எடுத்தது. இந்தியக் கலைஞர் சுபோத் குப்தா நம் அடுக்களைப் பாத்திரங்களை அடுக்கி 2006இல் செய்த மாபெரும் மண்டையோடு, அடுத்த ஆண்டு வெனிஸ் கால்வாய்க் கரையில் நின்றது. வெனிஸ் அண்ணாந்து பார்த்த தூக்கும் டம்ளரும்தான் இங்கே பரணில் கிடக்கின்றன. இங்கே பழியில் பாதியை நம் பாத்திரத் தொழிலும் ஏற்க வேண்டும். சேலத்தில் எவர்சில்வருக்கென்றே ஓர் உருக்காலை. அனுப்பர்பாளையத்தில் தலைமுறைகளாகப் பாத்திரம் அடிக்கும் கைகள். இவ்வளவு இருந்தும், நல்ல கோடு ஒன்றைத் தேடாமல், தட்டின் நடுவே ரோஜாப்பூ அச்சும் டம்ளரில் தங்க முலாம் வளையமும் சேர்ப்பதையே புதுமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அஞ்சறைப் பெட்டியைப் பாருங்கள்: வெளிச்சம் படாத மூடி, ஒரே கையால் எட்டும் ஏழு கிண்ணங்கள், நடுவில் ஒரு சின்னக் கரண்டி. அதை எடுத்துவிட்டு, மஞ்சளும் மிளகாய்த்தூளும் வெயிலில் வெளிறும்படி கண்ணாடிக் குப்பிகளை வரிசையாக அடுக்கி, தாளிக்கும் அவசரத்தில் ஒவ்வொன்றாகத் திருகித் திறக்கிறோம். புகைப்படத்தில் நன்றாகத்தான் இருக்கிறது.

நிக்கல் சுரங்கம் மண்ணைக் கெடுக்கிறதே என்றால், கெடுக்கிறதுதான். அதனால்தான் வாங்கிய எவர்சில்வரை விட்டெறியாமல் புழங்க வேண்டும் என்கிறேன். முப்பது வருடம் உழைத்த தட்டைப் பழைய பாத்திரக் கடையில் எடைக்குப் போடலாம், அது மறுபடி உருகித் தகடாகும். உடைந்த பீங்கான் மறுபடி பீங்கான் ஆவதில்லை.

புதுத் தட்டு வாங்கக் கூடாது என்று யாரையும் தடுக்கவில்லை. அடுத்த முறை கடைக்குப் போகும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள். பிடித்த தட்டை எடுத்து, கடைக்காரரிடம் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கி அதில் ஊற்றுங்கள். இடது கையால் தூக்கி, நான்கு அடி நடந்து பாருங்கள். தண்ணீர் தட்டிலேயே இருந்தால் விலை கேளுங்கள்.